அம்மாவுக்கு ஒரு பெரிய திரை

டெஸ்ஸாவின் அம்மா நெரிசா பாடம் நடத்தும்போது வீட்டில் மின்விசிறி மட்டும்தான் சத்தம் போடும்.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மாலை நான்கு மணிக்கு வகுப்பு. எட்டுக் குடும்பங்கள் லேப்டாப் திரையில் வந்து உட்காரும். எல்லோரும் கையை அசைப்பார்கள், புருவத்தை உயர்த்துவார்கள், தப்பு செய்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் பேசுவது சைகை மொழி. காது கேட்காத பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அவளிடம் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். சொந்தப் பிள்ளையோடு பேச வேண்டுமே, அதற்காக.

இந்தக் கதையில் அம்மா சொல்வதெல்லாம் கையால் சொன்னதுதான். நாம் அதைக் காதால் கேட்டது போலவே எழுதிக்கொள்வோம்.

அன்று வியாழக்கிழமை. வகுப்பு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்த அம்மா வெகுநேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்ஸா எட்டிப் பார்த்தாள். ரோவேனா என்ற பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. கடலுக்கு அந்தப்பக்கம் எதிர்த் தீவில் இருப்பவள்.

"டீச்சர், இன்னிக்கும் நீங்க மூணு தடவை தப்புன்னு சொல்லிட்டீங்க. எனக்கு இது வராதுன்னு நினைக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து நான் வரலை. மன்னிச்சுக்கோங்க."

"நிஜமாவே அவங்க தப்பா செஞ்சாங்களாம்மா?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

அம்மா வகுப்பின் பதிவை மறுபடி ஓடவிட்டாள். ரோவேனாவின் கட்டத்தை மட்டும் பெரிதாக்கினாள். ரோவேனாவின் விரல்கள் இப்போது தெளிவாகத் தெரிந்தன. மூன்று தடவையும் அவள் சரியாகத்தான் செய்திருந்தாள்.

"அவ செஞ்ச வார்த்தைக்கும் நான் பார்த்ததா நினைச்ச வார்த்தைக்கும் ஒரே ஒரு விரல்தான் வித்தியாசம். அந்த விரல் எனக்குத் தெரியவே இல்லை" என்றாள் அம்மா.

எப்படித் தெரியும்? அது அப்பா கப்பல் வேலைக்குப் போவதற்கு முன்னால் பயன்படுத்திய பழைய லேப்டாப். பதின்மூன்று அங்குலத் திரை. எட்டுக் குடும்பங்களும் அம்மாவும் சேர்ந்து ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுதான். அதற்குள் ஒரு முகம், இரண்டு கை, பத்து விரல்.

"எங்க டீச்சர் தப்பா திருத்தினா நாங்க சண்டைக்குப் போவோம். இவங்க பாவம், மன்னிப்பு வேற கேக்கறாங்க" என்றாள் டெஸ்ஸா.

அம்மா லேப்டாப்பை மூடினாள். "சனிக்கிழமை கடைக்குப் போறோம். ஒரு பெரிய மானிட்டர் வாங்கணும். எட்டாயிரம் பேசோ இருக்கு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

*

எவ்வளவு பெரிது வேண்டும் என்று கடையில் போய் யோசிக்கக் கூடாது என்று டெஸ்ஸாவுக்குத் தோன்றியது. போன மாதம் செருப்பை அப்படி வாங்கிவந்துதான் இன்னும் அதற்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு நடக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய அட்டைப்பெட்டிகளை எடுத்துத் தரையில் பிரித்துப் போட்டாள். இஞ்ச் டேப், பென்சில், கத்தரிக்கோல் எல்லாம் தயார். முதலில் முப்பத்திரண்டு அங்குல மானிட்டர். அட்டையின் நீளத்தில் முப்பத்திரண்டு அங்குலம் அளந்து வெட்டினாள். மேசையில் நிமிர்த்தி வைத்தால், ஒரு பக்கம் ஜன்னலை மறைத்தது.

"இதை வச்சா நமக்குக் காத்தே வராதும்மா."

அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அளவு அப்படி எடுக்க மாட்டாங்க. இந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கா எடுக்கணும்."

"அதை எதுக்குக் குறுக்கா அளக்கணும்?"

"தெரியலை. பெருசா சொல்லிக்கலாம்னு இருக்கும்."

டெஸ்ஸா மறுபடி வெட்டினாள். இருபத்துநான்கு, இருபத்தேழு, முப்பத்திரண்டு என்று மூன்று அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆளை வரைந்தாள். ஏழாவது ஆளுக்கு வரும்போது கை வலித்ததால் எட்டாவது, ஒன்பதாவது ஆட்களுக்குத் தலை மட்டும்தான் கிடைத்தது.

அம்மா, தான் பாடம் நடத்தும் இடத்தில் போய் நின்றாள். கையை வீசிப் பேச வேண்டும் என்பதால் அவள் மேசையிலிருந்து இரண்டு எட்டு தள்ளித்தான் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் இருபத்துநான்கு சின்னது. இருபத்தேழு பரவாயில்லை. முப்பத்திரண்டில் ஒவ்வொரு கட்டமும் நோட்டுப் புத்தகம் அளவுக்கு இருந்தது. அம்மாவின் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"அதுதான் வேணும்" என்றாள். பிறகு, "கிடைச்சா" என்று சேர்த்துக்கொண்டாள்.

*

கடைக்காரர் ரோடெலை எல்லோரும் மனோங் என்று கூப்பிடுவார்கள். அண்ணன் என்று அர்த்தம். அறுபது வயதுக்காரர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சுவர் முழுக்க மானிட்டர்கள் மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, என்ன பார்க்கறீங்க?" என்று அவர் அம்மாவிடம் கேட்டார்.

டெஸ்ஸா நடுவில் வந்து நின்றாள். "அம்மாவுக்குக் காது கேக்காது மனோங். நீங்க அவங்களைப் பார்த்தே பேசுங்க. நான் சொல்லிக் காட்டுவேன்."

அவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் அடுத்த வார்த்தையிலிருந்து டெஸ்ஸாவைப் பார்த்துத்தான் பேசினார். இது டெஸ்ஸாவுக்குப் பழக்கம்தான். ஐந்து வயதிலிருந்தே வங்கியிலும் மருத்துவமனையிலும் அம்மாவுக்காகக் கேட்டுச் சொல்வது அவள்தான். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் டீச்சர், "உங்க பொண்ணு வகுப்புல வாயை மூடறதே இல்லை" என்று புகார் சொன்னபோதுகூட ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் கையால் சொல்லியிருக்கிறாள். முகம்தான் கொஞ்சம் சிவந்துபோனது.

மனோங் ரோடெல் மூன்று மானிட்டர்களைக் காட்டினார்.

"இது இருபத்தேழு. ஏழாயிரத்து எண்ணூறு. இது முப்பத்திரண்டு, தட்டையானது. பதினோராயிரத்து ஐந்நூறு."

அம்மாவின் கை பையின் மேல் இறுகியது.

"இது மூணாவது. இதுவும் முப்பத்திரண்டுதான். வளைஞ்சது. இந்த வாரம் மட்டும் எட்டாயிரம்."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். மானிட்டரின் முதுகில் நீலமும் ஊதாவுமாக ஒளி ஓடியது. திரை இரண்டு பக்கமும் உள்ளே வளைந்து, வா வா என்று கூப்பிடுவது போல இருந்தது. அதில் மட்டும் மீனுக்குப் பதில் ஒரு கார் பந்தயம் ஓட ஆரம்பித்தது.

டெஸ்ஸாவின் கண் அதைவிட்டு நகரவில்லை. பக்கத்து வீட்டு ஜெரிக்கோவிடம் இருப்பது இதைவிடச் சின்னது. அதற்கே அவன், தொடக் கூடாது, தூரத்தில் நின்று பார் என்று அதிகாரம் செய்வான். வாரத்தில் இரண்டு நாள்தானே வகுப்பு. மிச்ச ஐந்து நாள் இந்த மானிட்டர் சும்மாதானே இருக்கும்?

"கேளு. கையை வேகமா அசைச்சா இதுல தெளிவா தெரியுமா?" என்றாள் அம்மா.

டெஸ்ஸா கேட்டாள்.

மனோங் தாடையைச் சொறிந்தார். சின்னப் பெண்களை அவர் இந்தாய் என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார். "விளையாட்டுக்கு ரொம்ப நல்லா இருக்கும் இந்தாய். ஆனா உள்ளதைச் சொல்லிடறேன். இருட்டான இடத்துல எதாவது வேகமா அசைஞ்சா பின்னாலேயே நிழல் மாதிரி ஒரு கோடு இழுக்கும். பக்கவாட்டுல நின்னு பார்த்தா கொஞ்சம் வெளிறும். விலை குறைச்சல் இல்லையா, அதான்."

டெஸ்ஸா அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் கைகள் மேலே எழுந்தன.

"ரொம்ப நல்லா இருக்கும்னு சொல்றார்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மா அவளையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பையை முன்னால் இழுத்து, ஜிப்பை மெதுவாகத் திறக்க ஆரம்பித்தாள்.

கார் பந்தயம் ஓடிக்கொண்டே இருந்தது. டெஸ்ஸாவால் அதைப் பார்க்க முடியவில்லை. வகுப்பில் எல்லோரும் கறுப்பு, கருநீலச் சட்டைதான் போடுவார்கள். அப்போதுதான் கை எடுப்பாகத் தெரியும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். கறுப்புச் சட்டைக்கு முன்னால் வேகமாக அசையும் கை. அதன் பின்னாலேயே இழுக்கும் நிழல். ஒரே ஒரு விரல் வித்தியாசம்.

அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா, அவர் இன்னும் சொன்னார். நான் சொல்லலை."

டெஸ்ஸா எல்லாவற்றையும் சொன்னாள். நிழல், கோடு, பக்கவாட்டில் வெளிறுவது, அதனால்தான் விலை குறைச்சல் என்பது. சொல்லச் சொல்ல அவள் கை சின்னதாகிக்கொண்டே போனது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவது போல.

"ஏன் விட்டுட்ட?"

"விளக்கு எரிஞ்சுது. நான் விளையாடலாம்னு நினைச்சேன்."

அம்மா அந்த ஊதா ஒளியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"உன்னைத் திட்டணும்னா ரெண்டு கையும் வேணும். இப்போ பையைப் பிடிச்சிருக்கேன்" என்று ஒற்றைக் கையால் சொன்னாள். "தப்பிச்ச. வா, அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்லு."

மனோங் ரோடெலுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவும் மகளும் அவர் கடையில் நின்று என்னவோ பெரிய வழக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அவர் மரியாதையாக மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டெஸ்ஸா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள்.

"மனோங், எங்க லேப்டாப் கையோட கொண்டுவந்திருக்கோம். மூணு மானிட்டர்லேயும் மாட்டிப் பார்க்கலாமா? நான் வெளியில போய் வீடியோ கால் பண்றேன். அம்மா இங்க இருந்து என் கையைப் பார்க்கட்டும்."

"மீனைவிட அது நல்ல சோதனைதான்" என்றார் அவர்.

*

டெஸ்ஸா கடைக்கு எதிரே ஒரு தகரக் கூரையின் நிழலில் போய் நின்றாள். அன்று போட்டிருந்தது கருநீலச் சட்டை. கைப்பேசியை ஒரு தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வேகமாகப் பேசினாள்.

"இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன? நேத்து வச்ச மீன்னா எனக்கு வேணாம்."

குடத்துக்காரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். டெஸ்ஸா அதே வாக்கியத்தை மூன்று மானிட்டருக்கும் மூன்று தடவை சொன்னாள். அதற்குள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் உள்ளே வந்தபோது அம்மா முடிவுக்கு வந்திருந்தாள்.

"வளைஞ்சதுல உனக்குப் பதினஞ்சு விரல். இருபத்தேழுல எல்லாம் தெளிவு, ஆனா ஒன்பது கட்டமாப் பிரிச்சா மறுபடி கிட்டப்போய் பார்க்கணும். அந்தத் தட்டை முப்பத்திரண்டுதான்..." அம்மாவின் கை பாதியில் நின்றது. "சரி, பரவாயில்லை. இருபத்தேழையே வாங்கிடலாம்."

அது அம்மா விட்டுக்கொடுக்கும்போது வைத்துக்கொள்ளும் முகம். டெஸ்ஸாவுக்குத் தெரியும்.

"அந்தத் தட்டையானது மட்டும் ஏன் மனோங் இவ்வளவு விலை? அதுல அப்படி என்ன இருக்கு?"

"நல்ல திரை. உயரம் ஏத்தி இறக்குற ஸ்டாண்டு. அப்புறம் உள்ளேயே ரெண்டு ஸ்பீக்கர். பாட்டு போட்டா தனியா எதுவும் வேண்டாம், வீடே அதிரும்."

டெஸ்ஸா அதை அம்மாவிடம் சொல்லக் கையைத் தூக்கினாள். ஸ்பீக்கர் என்ற சொல்லுக்கு வரும்போது கை அப்படியே நின்றது.

"ஸ்பீக்கர் இல்லாம இதே மானிட்டர் கிடைக்குமா? எங்களுக்கு அது எதுக்குமே வேண்டாமே."

"அப்படித் தனியா வராது இந்தாய்." மனோங் சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் பார்வை பின்னறைப் பக்கம் போனது. திரும்பி வந்தது. "ஒண்ணு கிடக்கு. ஒரு காலேஜ் பிள்ளை வாங்கிட்டுப் போய் மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டான். படம் அருமையா வருது. சத்தம்தான் வரலை. திரையையே கழட்டாம அந்த ஸ்பீக்கரை மாத்த முடியாது, அதுக்கு ஆகற செலவுக்குப் பேசாம இருக்கலாம்னு போட்டு வச்சிருக்கேன்."

"அதை ஏன் முதல்லயே காட்டலை?"

அவர் தலையைச் சொறிந்தார். "எப்படிக் காட்டுறது? காது கேக்காதவங்கதானே, அதனால ஊமை மானிட்டரைத் தலையில கட்டப் பார்க்கறான்னு உங்க அம்மா நினைச்சுட்டா? மனசு கஷ்டப்படுவாங்கன்னு பயமா இருந்துச்சு. நீ அதைச் சொல்லாத, சும்மா விலை குறைஞ்ச ஒண்ணு இருக்குன்னு மட்டும் சொல்லு."

டெஸ்ஸா அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"இல்லை மனோங். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அவள் சொன்னாள். ஸ்பீக்கரை, காலேஜ் பிள்ளையை, ஊமை மானிட்டரை, அவருடைய பயத்தை, சொல்லாதே என்று அவர் சொன்னதைக்கூட விடவில்லை. மனோங்கின் காது நுனி சிவந்தது. அவருக்குச் சைகை தெரியாவிட்டாலும், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது நன்றாகவே தெரிந்தது.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு சிரித்தாள். அம்மா சிரித்தால் அது கொஞ்சம் பலமாகத்தான் வரும், கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர்கிட்ட கேளு. அதுக்கு எத்தனை நாளா சத்தம் வரலை? எனக்கு முப்பத்தாறு வருஷமா கேக்கலை. நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போவோம்."

டெஸ்ஸா அதை அப்படியே சொன்னாள். மனோங்குக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அம்மா சிரிப்பதைப் பார்த்த பிறகு அவருக்கும் வந்துவிட்டது. பிறகு அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து, அம்மாவிடமே, "எட்டாயிரத்து ஐந்நூறு" என்றார்.

"சத்தமே வராததுக்கா? சத்தம் போடாம ஒரு விலை சொல்லச் சொல்லு."

கடைசியில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றது. ஆனால் அம்மா உடனே பணத்தை எடுக்கவில்லை. மாட்டிக் காட்டச் சொன்னாள். திரை முழுக்க ஒரு தடவை வெள்ளை, ஒரு தடவை கறுப்பு வைத்து, மூலை மூலையாகப் பார்த்தாள், ஒளிராத செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று. டெஸ்ஸா மறுபடி குடத்துக்குப் போய் மீனைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். லேப்டாப்பில் செருகும் கேபிள் பெட்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்தாள்.

"படத்துக்கு ஏதாவது ஆனா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு. பில்லுலேயே எழுதித் தர்றேன். சத்தத்துக்கு மட்டும் என்கிட்ட வரக் கூடாது."

*

டிரைசைக்கிள் என்ற மூன்று சக்கர வாடகை வண்டியில் வீட்டுக்குப் போகும்போது பெட்டி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. டெஸ்ஸா அதன் மேல் எட்டிப் பார்த்துத்தான் அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது.

"நான் சொல்லாம இருந்திருந்தா அந்த வளைஞ்சதை வாங்கியிருப்பியாம்மா?"

"அவர் வாய் எவ்வளவு நேரம் அசைஞ்சுதுன்னு நான் பார்த்தேன். நீ சொன்னது நாலே வார்த்தை."

டெஸ்ஸா திடுக்கிட்டாள். "அப்பவே தெரியுமா? அப்புறம் ஏன் பையைத் திறந்த?"

"ரொம்ப மெதுவாத்தானே திறந்தேன்" என்றாள் அம்மா.

டெஸ்ஸா பெட்டிக்கு மேலே கையை நீட்டி, "ரோவேனாவுக்கு இன்னிக்கே சொல்லிடு. தப்பு அவங்க மேல இல்லைன்னு" என்றாள்.

அம்மா அன்று மாலையே ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினாள். உன் விரல்கள் மூன்று தடவையும் சரியாக இருந்தன, என் கண்தான் தவறவிட்டது, ஒரே ஒரு வகுப்புக்கு வந்து பார் என்று. பதில் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்களும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் புதிய திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஏழு வந்தன. அம்மா இரண்டு எட்டு தள்ளி நின்று பாடத்தை ஆரம்பித்தாள். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு எட்டாவது கட்டம் திறந்தது. கறுப்புச் சட்டையில் ரோவேனா, தலையைக் குனிந்தபடி.

அம்மா தனியாக எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வது போல அவளுக்கும் ஒரு வாக்கியம் கொடுத்தாள். ரோவேனா செய்தாள். அம்மா சரி என்றாள். அடுத்ததும் சரி. மூன்றாவதில் கட்டைவிரல் கொஞ்சம் விலகியது. "கட்டைவிரலை உள்ளே வை" என்று அம்மா திருத்தினாள். ரோவேனா முகம் வாடவில்லை. வைத்தாள்.

திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருந்த டெஸ்ஸாதான் அதை முதலில் கவனித்தாள். ரோவேனாவுக்குப் பின்னால் கதவோரம் அவளுடைய நான்கு வயது மகன் கோகோய் நின்றிருந்தான். அவனும் இத்தனை நாள் அங்கேதான் நின்றிருப்பானோ என்னவோ, பழைய திரையில் அவன் ஒரு பயறு அளவுதான் இருந்திருப்பான். அவன் தன் சின்னக் கையை முகத்துக்குக் கொண்டுபோய் எதையோ செய்தான். இறக்கினான். மறுபடி செய்தான்.

டெஸ்ஸா அம்மாவின் தோளைத் தொட்டுத் திரையின் மூலையைக் காட்டினாள். அம்மா ஒரு எட்டு முன்னால் வந்து பார்த்தாள். பிறகு பாடத்தை நிறுத்தினாள்.

"ரோவேனா, பின்னால திரும்பிப் பாரு. உன் பையன் உன்கிட்ட தண்ணி கேக்கறான்."

ரோவேனா திரும்பினாள். கோகோய் மூன்றாவது தடவையாக அதைச் செய்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஓடினாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு குவளை நிறையும் வரைக்கும் ஏழு குடும்பங்களும் அசையாமல் காத்திருந்தன.